இல்லாதவரைத் தேடும் வினவல்

கணினி அறிவியல், கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பள்ளிப் பதிவேடுகளைக் கையாளும் அனைவருக்கும்

ஓர் ஆசிரியரின் ஒரு நாளில் "யார் இல்லை?" என்ற கேள்வி பலமுறை எழுகிறது. இன்று யார் வரவில்லை, யாருக்கு இன்னும் பாடநூல் கிடைக்கவில்லை, எந்த மாணவர் வீட்டுப்பாடம் தரவில்லை, சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் இந்த ஆண்டு எங்கும் சேராதவர் யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கையிலிருக்கும் பதிவேடுகளோ நடந்ததை மட்டுமே சொல்கின்றன. புத்தக வழங்கல் பதிவேட்டில் வாங்கியவரின் கையொப்பம் இருக்கும். வாங்காதவருக்கு அங்கே ஒரு வரியும் இருக்காது. இல்லாததை அறிய இரண்டு பட்டியல்களை ஒப்பிட வேண்டும். ஒன்று, இருக்க வேண்டியவர்களின் பட்டியல். மற்றொன்று, இருப்பவர்களின் பட்டியல்.

இந்த ஒப்பீட்டைத் தரவுத்தளத்தில் எப்படிச் செய்வது, எங்கே தவறும், வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதே இக்கட்டுரை. திருவண்ணாமலையில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். செலக்ட் கட்டளையால் இருப்பதை எடுக்க மாணவர்கள் ஒரே பாடவேளையில் பழகிவிடுகிறார்கள். இல்லாததை எடுக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு.

ஒரு குறிப்பு: கட்டளைச் சொற்களை வகுப்பில் நாம் உச்சரிப்பது போலவே இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். அட்டவணைகளுக்கும் புலங்களுக்கும் தமிழ்ப் பெயர் வைக்க எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல் இரண்டும் இடம் தருகின்றன.

கிரிவலப் பாதையில் ஒரு சிறு தரவுத்தளம்

புதிய வினவலைக் கற்பிக்கும்போது விடை முன்பே தெரிந்த தரவை எடுத்துக்கொள்வது நல்லது. கணினி தந்த விடை சரியா என்று மாணவர் தாமே சொல்ல முடியும். எங்கள் ஊரில் அதற்கு ஏற்றது கிரிவலப் பாதை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள் உள்ளன. ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம்.

லிங்கம் என்னும் அட்டவணையில் எண், பெயர், திசை என மூன்று புலங்கள்:

1 – இந்திர லிங்கம் – கிழக்கு
2 – அக்னி லிங்கம் – தென்கிழக்கு
3 – யம லிங்கம் – தெற்கு
4 – நிருதி லிங்கம் – தென்மேற்கு
5 – வருண லிங்கம் – மேற்கு
6 – வாயு லிங்கம் – வடமேற்கு
7 – குபேர லிங்கம் – வடக்கு
8 – ஈசான்ய லிங்கம் – வடகிழக்கு

மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிந்து, ஊரின் மரபுச் சின்னங்களைப் பற்றிக் களக்குறிப்பு எடுக்கிறார்கள் என்று கொள்வோம். எந்தக் குழு எந்த இடத்தைப் பார்த்து முடித்தது என்பது வருகை என்னும் இரண்டாவது அட்டவணையில் பதிவாகிறது. அதன் புலங்கள் குழு, லிங்க_எண் ஆகிய இரண்டு. பாடத்துக்காக நான் அமைத்த ஐந்து பதிவுகள்:

அ – 1
அ – 2
ஆ – 2
ஆ – 3
இ – 7

கேள்வி இதுதான்: இதுவரை எந்தக் குழுவும் பார்க்காத லிங்கங்கள் எவை? விரல் விட்டு எண்ணினாலே விடை கிடைக்கும். நிருதி, வருண, வாயு, ஈசான்ய லிங்கங்கள் நான்கு. வேறு ஊர் ஆசிரியர்கள் தம் ஊரின் ஏரிகளையோ பேருந்து நிறுத்தங்களையோ எடுத்துக்கொள்ளலாம். எட்டு, பத்துப் பதிவுகள் போதும்.

மாணவர் முதலில் எழுதும் வினவல்

இரண்டு அட்டவணைகளிலும் எண் சமமாக இருந்தால் பார்த்த லிங்கம் என்று மாணவருக்குத் தெரியும். எனவே பார்க்காதவற்றுக்குச் சமக்குறியை மாற்றிச் 'சமமில்லை' என்று போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள்.

செலக்ட் லிங்கம்.பெயர்
ஃப்ரம் லிங்கம், வருகை
வேர் லிங்கம்.எண் <> வருகை.லிங்க_எண்;

இதை இயக்கினால் 35 வரிகள் வந்து விழும். ஏன் 35? எட்டு லிங்கங்களையும் ஐந்து வருகைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 40 இணைகள் கிடைக்கும். அவற்றில் எண் சமமாக உள்ளவை 5, மீதி 35. திரும்பத் திரும்ப வரும் பெயர்களை நீக்க டிஸ்டிங்க்ட் சேர்த்தாலும் எட்டு லிங்கங்களும் வரும். அக்னி லிங்கத்தை இரு குழுக்கள் பார்த்திருந்தும் அது பட்டியலில் இருக்கும். ஏனென்றால், அக்னி லிங்கத்தின் எண் 2, யம லிங்கத்துக்கான பதிவில் உள்ள எண் 3, இரண்டும் சமமில்லை. அந்த ஓர் இணையே அதைப் பட்டியலில் சேர்க்கப் போதுமானது.

இந்த இடத்தில் நிறுத்தி, கேள்வியைத் தமிழில் இரண்டு விதமாகக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறேன்.

ஒன்று: "இந்த லிங்கத்தோடு பொருந்தாத ஒரு வருகையாவது உண்டா?"
இரண்டு: "இந்த லிங்கத்தோடு பொருந்தும் ஒரு வருகைகூட இல்லையா?"

மேலே எழுதிய வினவல் முதல் கேள்வியைத்தான் கேட்டது. நமக்கு வேண்டியது இரண்டாவது. வேறுபாடு புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஒரு பதிவு இல்லை என்று சொல்ல, மற்ற அட்டவணையின் எல்லாப் பதிவுகளையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். ஒரே ஓர் இணையைப் பார்த்து 'இல்லை' என்று முடிவு செய்ய இயலாது.

ஒன்பதாம் வகுப்பில் விதைத்தது

இந்தச் சிந்தனை மாணவருக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் கண மொழி படிக்கும்போதே கணங்களின் வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறார்கள். முதல் கணத்தில் இருந்து இரண்டாம் கணத்தில் இல்லாத உறுப்புகளின் தொகுப்பே வித்தியாசம். பன்னிரண்டாம் வகுப்பில் தரவுத்தளக் கருத்துருக்கள் பாடத்தில் உறவுநிலை இயற்கணிதம் வரும்போது அதே வித்தியாசம் மீண்டும் வருகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவுத்தளத்தை முன்மொழிந்தபோது கணக் கோட்பாட்டையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார். 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் சீக்வெல் என்ற பெயரில் வெளியிட்ட மொழிதான் பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று.

வித்தியாசத்தில் வரிசை முக்கியம் என்பதையும் கணித ஆசிரியர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். லிங்கங்களிலிருந்து வருகைகளைக் கழித்தால் பார்க்காத இடங்கள் கிடைக்கும். வருகைகளிலிருந்து லிங்கங்களைக் கழித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்கக் கூடாது. கிடைத்தால், இல்லாத லிங்கத்தைப் பார்த்ததாக யாரோ எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே ஒரு திசை தேடலுக்கு, எதிர்த்திசை பிழை கண்டறிய. இரண்டையும் செய்யப் பழக்க வேண்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, நாட் இன். குறிப்பிட்ட மதிப்புகளுள் ஒன்றா இல்லையா என்று பார்க்கும் இன், நாட் இன் சொற்களை மாணவர் பாடநூலில் பார்க்கிறார்கள். அந்த மதிப்புகளை நாமே எழுதுவதற்குப் பதிலாக இன்னொரு வினவலைக் கொண்டு வரவழைக்கலாம் என்பதை மட்டும் ஒரு படி கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும். அடைப்புக்குள் இருப்பது துணை வினவல்.

செலக்ட் பெயர் ஃப்ரம் லிங்கம்
வேர் எண் நாட் இன்
(செலக்ட் லிங்க_எண் ஃப்ரம் வருகை);

இரண்டாவது வழி, நாட் எக்சிஸ்ட்ஸ். இது ஒவ்வொரு லிங்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, "இதற்கென்று ஒரு வருகையேனும் உண்டா?" என்று கேட்கிறது. ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த லிங்கத்தை விட்டுவிடுகிறது.

செலக்ட் பெயர் ஃப்ரம் லிங்கம்
வேர் நாட் எக்சிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் வருகை
வேர் வருகை.லிங்க_எண் = லிங்கம்.எண்);

உள்ளே ஏன் '1' என்று மாணவர் கேட்பார்கள். இங்கே பதிவு இருக்கிறதா என்பது மட்டுமே கணக்கு. எந்தப் புலத்தை எடுக்கிறோம் என்பது பொருட்டல்ல.

மூன்றாவது வழி, லெஃப்ட் ஜாயின். இடப்பக்க அட்டவணையின் ஒரு பதிவும் விடுபடாமல் வலப்பக்கத்தோடு இணைக்கிறோம். இணை கிடைக்காத பதிவுக்கு வலப்பக்கப் புலங்கள் நல் ஆகிவிடும். அந்த வெற்றிடத்தைப் பிடித்தால் விடை.

செலக்ட் லிங்கம்.பெயர்
ஃப்ரம் லிங்கம் லெஃப்ட் ஜாயின் வருகை
ஆன் லிங்கம்.எண் = வருகை.லிங்க_எண்
வேர் வருகை.லிங்க_எண் இஸ் நல்;

கடைசி வரியை நீக்கிவிட்டு முதலில் இயக்கிக் காட்டுங்கள். ஒன்பது வரிகள் வரும். பொருந்திய ஐந்து, பொருந்தாத நான்கு. வலப்பக்கம் காலியாக உள்ள நான்கு வரிகளை மாணவர் கண்ணால் பார்த்தபின் கடைசி வரியைச் சேர்க்கலாம். நான் மூன்று வழிகளில் இதையே முதலில் காட்டுகிறேன், ஏனெனில் இல்லாமை திரையில் தெரிகிறது.

நான்காவதாக எக்செப்ட் என்னும் சொல் நேரடியாகக் கண வித்தியாசத்தையே செய்யும். எஸ்கியூலைட்டில் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் 2022இல் வந்த 8.0.31 பதிப்பிலிருந்துதான் கிடைக்கிறது. ஆய்வகக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் பிழைச் செய்தி வரும். ஆரக்கிளில் இதையே மைனஸ் என்று எழுதும் வழக்கம் உண்டு.

பெயரில்லாத விடைத்தாள்

மேலே சொன்ன மூன்று வழிகளும் நான்கு லிங்கங்களையே தந்தன. ஆனால் அவை எப்போதும் ஒன்றல்ல. வருகை அட்டவணையில் ஆறாவதாக ஒரு பதிவைச் சேருங்கள். குழு இ, லிங்க எண்ணை நிரப்ப மறந்துவிட்டது. அந்தப் புலம் நல்.

இப்போது மூன்று வினவல்களையும் மீண்டும் இயக்குங்கள். நாட் எக்சிஸ்ட்ஸ், லெஃப்ட் ஜாயின் இரண்டும் முன்போலவே நான்கு பெயர்களைத் தரும். நாட் இன் ஒரு பெயரையும் தராது. பிழைச் செய்தியும் வராது. வெறும் வெற்றுப் பட்டியல் வரும்.

இது ஏன் என்பதற்கு வகுப்பில் நான் சொல்லும் உவமை விடைத்தாள் கட்டு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் தேர்வு முடிந்து கட்டு உங்கள் மேசைக்கு வருகிறது. அதில் ஒரு தாளில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. "நிச்சயமாகத் தேர்வு எழுதாதவர்களின் பெயரைச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்கிறார். யாருடைய பெயரைச் சொல்வீர்கள்? கட்டில் தாள் காணப்படாத ஒவ்வொருவரைப் பற்றியும், "அந்தப் பெயரில்லாத தாள் இவருடையதாக இருக்கலாமே" என்ற ஐயம் எழும். நிச்சயம் என்ற சொல்லுக்கு உண்மையாக இருந்தால் ஒருவர் பெயரையும் சொல்ல முடியாது. நாட் இன் செய்வது இதைத்தான்.

இதையே தருக்கமாகச் சொல்வோம். நிருதி லிங்கத்தின் எண் 4. நாட் இன் என்பது '4 என்பது 1 அல்ல, 2 அல்ல, 2 அல்ல, 3 அல்ல, 7 அல்ல, நல் அல்ல' என எல்லாமும் உண்மையா என்று கேட்கிறது. முதல் ஐந்தும் உண்மை. கடைசிக் கேள்விக்கு விடை தெரியாது. எஸ்.கியூ.எல்.லில் மெய், பொய், தெரியாது என மூன்று விடைகள் உண்டு. மெய்யும் தெரியாததும் 'அண்ட்' சேர்ந்தால் தெரியாது. வேர் பகுதி மெய் என்று உறுதியானதை மட்டுமே உள்ளே விடும். எனவே நிருதி லிங்கம் வெளியே. மற்றவையும் அப்படியே. இதே காரணத்தால்தான் நல்லைச் சமக்குறியால் சோதிக்காமல் இஸ் நல் என்று எழுதுகிறோம்.

நாட் எக்சிஸ்ட்ஸ் வேறு கேள்வி கேட்கிறது: "கட்டில் இவர் பெயரிட்ட தாள் உண்டா?" பெயரில்லாத தாள் யாருடைய பெயருக்கும் பொருந்தாது. எனவே அது விடையைக் கெடுப்பதில்லை. வேலைக்கு உதவும் கேள்வி இதுதான். ஆனாலும் ஒன்றை மாணவருக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயரில்லாத தாளை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். நாட் எக்சிஸ்ட்ஸ் தரும் 'எழுதாதவர்' பட்டியலில் அவர் பெயரும் இருக்கும். ஆகவே அந்தப் பட்டியல் தீர்ப்பு அல்ல; விசாரிக்கத் தொடங்க வேண்டியவர்களின் பட்டியல்.

நல் என்ற ஒலி தமிழில் நன்மையைக் குறிக்கும். விலக்கும் வினவலில் அதற்கு நேர்மாறு. நாட் இன் எழுதத்தான் வேண்டுமென்றால், துணை வினவலுக்குள் 'வேர் லிங்க_எண் இஸ் நாட் நல்' என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

எட்டாம் வகுப்பு முடித்தவர் எங்கே?

லிங்கங்களின் பட்டியல் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதே வினவலைப் பிள்ளைகளின் பட்டியலில் இயக்கும்போது நிலைமை வேறு.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எட்டாம் வகுப்புக் கல்வியை உறுதி செய்கிறது. நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிய நாளுக்கும் புதிய பள்ளியில் பெயர் சேரும் நாளுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. நம் எமிஸ் முறைமையில் அப்படிப்பட்டவர்கள் பொதுத் தொகுப்பில் இருக்கிறார்கள். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு நாம் வீடு வீடாகச் செல்லும்போதும் அடிப்படைக் கேள்வி அதேதான்: இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர் யார்?

திருவண்ணாமலை மாவட்டத்தின் பதினெட்டு ஒன்றியங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று. மலையூர்ப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி மாறுவது சில இடங்களில் ஊரை விட்டு விடுதிக்குப் போவதாகவும் இருக்கும். சமவெளியிலும் பெற்றோர் வேலை தேடி வெளியூர் சென்றால் பிள்ளைகளும் உடன் செல்வதைப் பார்க்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளை விடுபட்டதை ஜூன் மாதத்திலேயே அறிந்தால் வீட்டுக்குப் போய்ப் பேச முடியும். அரையாண்டுத் தேர்வின்போது அறிந்தால் பெரும்பாலும் வேலைக்குப் போயிருக்கும்.

மாதிரித் தரவில் எட்டு என்னும் அட்டவணை, சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்தவர்கள். சேர்க்கை என்னும் அட்டவணை, இந்த ஆண்டு எல்லா வகுப்புகளிலும் உள்ளவர்கள்.

செலக்ட் எட்டு.மாணவர்_எண்
ஃப்ரம் எட்டு
வேர் நாட் எக்சிஸ்ட்ஸ்
(செலக்ட் 1 ஃப்ரம் சேர்க்கை
வேர் சேர்க்கை.மாணவர்_எண் = எட்டு.மாணவர்_எண்
அண்ட் சேர்க்கை.வகுப்பு = 9);

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நிபந்தனையின் இடம். 'வகுப்பு = 9' என்பது துணை வினவலுக்குள் இருக்க வேண்டும். லெஃப்ட் ஜாயின் எழுதினால் ஆன் பகுதியில் இருக்க வேண்டும். அதை வெளியே வேர் பகுதியில் இஸ் நல் உடன் சேர்த்து எழுதினால், வலப்பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும், அதன் வகுப்பு 9 ஆகவும் இருக்க வேண்டும் என்று கேட்டதாகிவிடும். அப்படி ஒரு பதிவு இருக்கவே முடியாது. மீண்டும் வெற்றுப் பட்டியல்.

இரண்டு, எதைக் கொண்டு பொருத்துகிறோம் என்பது. பெயரைக் கொண்டு பொருத்தவே கூடாது. முன்னெழுத்து ஒரு பட்டியலில் முன்னால், மற்றொன்றில் பின்னால் இருக்கும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாதாரண ஒப்பீட்டில் கணினி அவற்றை வேறு வேறாகவே கொள்ளும். 'ஔ' எழுத்தை 'ஒ', 'ள' என்று சேர்த்து அடிப்பதும் அப்படியே. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இதனால் காணாமற்போனவர் பட்டியலில் ஏறிவிடும். மாணவருக்கென்று உள்ள தனி எண்ணைக் கொண்டே பொருத்த வேண்டும்.

மூன்று, பட்டியலில் வருபவர் எல்லாரும் இடைநின்றவர் அல்லர். வேறு மாநிலத்தில் சேர்ந்திருக்கலாம். எட்டாம் வகுப்புத் தகுதியில் சேரக்கூடிய தொழிற்பிரிவுகள் ஐ.டி.ஐ.களில் உண்டு, அங்கே இருக்கலாம். அந்தப் பட்டியலும் கையில் இருந்தால் 'அண்ட் நாட் எக்சிஸ்ட்ஸ்' என்று இன்னொரு துணை வினவலைத் தொடுத்து அவர்களையும் விலக்கலாம். விலக்க விலக்கப் பட்டியல் சுருங்கும். எஞ்சும் பெயர்களுக்கு வினவலில் விடை இல்லை. அந்த வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

வெற்றுப் பட்டியலை நம்பலாமா?

இந்தப் பாடத்தில் நான் மிகவும் வலியுறுத்துவது இதையே. 'இல்லாதவர் யார்' என்ற கேள்விக்கு வெற்றுப் பட்டியல் வந்தால் அது நல்ல செய்தி போலத் தோன்றும். ஒருவரும் விடுபடவில்லை என்று மகிழ்ந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அதனால்தான் ஓர் எளிய எண்ணிக்கைச் சோதனையைப் பழக்கமாக்க வேண்டும்.

மொத்தம் = பொருந்தியவை + பொருந்தாதவை

லிங்கம் அட்டவணையில் 8 பதிவுகள். வருகை அட்டவணையில் கவுண்ட், டிஸ்டிங்க்ட் இரண்டையும் சேர்த்து எண்ணினால் 4 வெவ்வேறு எண்கள். நல் இந்த எண்ணிக்கையில் சேராது. விலக்கும் வினவல் 4 பெயர்களைத் தந்தால் 4 + 4 = 8, சரி. 0 தந்தால் 4 + 0 என்பது 8 ஆகாது. எங்கோ நல் ஒளிந்திருக்கிறது. கூட்டுத்தொகை 9 வந்தால் வருகையில் இல்லாத லிங்கத்தின் எண் ஒன்று பதிவாகியிருக்கிறது. இரண்டாம் வகுப்புக் கூட்டல்தான். ஆனால் பெரும்பாலான தவறுகளை அது பிடித்துவிடும்.

வகுப்பில் நடத்தும் முறை

முதல் பாடவேளைக்குக் கணினி வேண்டாம். எட்டு லிங்கங்களின் பெயரை எட்டு அட்டைகளில் எழுதித் தரையில் வரிசையாக வைக்கவும். வருகைப் பதிவுகளை வேறு நிறச் சீட்டுகளில் எழுதி மாணவரிடம் தரவும். ஒவ்வொருவரும் தம் சீட்டைப் பொருந்தும் அட்டையின் மேல் வைக்க வேண்டும். சீட்டு விழாத அட்டைகளே விடை. பிறகு எண் எழுதாத ஒரு சீட்டைக் கொடுத்து எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். அப்போது நடக்கும் விவாதத்தில் நல் பற்றிய பாடம் தானே வந்துவிடும். எழுத்து அட்டைகள், விலங்குப் படங்களைக் கொண்டு தொடக்க வகுப்புகளிலும் இதை விளையாட்டாக நடத்தலாம்.

இரண்டாம் பாடவேளை ஆய்வகத்தில். பைத்தான் நிறுவிய கணினியில் எஸ்கியூலைட்டுக்கான தொகுதி வழக்கமாக உடன் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலும் அதையே பயன்படுத்துகிறது. அட்டையில் செய்ததை வினவலாக எழுதி, விடை ஒத்துவருகிறதா என்று பார்க்கட்டும்.

எஸ்.கியூ.எல். தெரியாத ஆசிரியர்கள் இதையே விரிதாளில் செய்யலாம். முழுப் பட்டியலுக்கு அருகே கவுண்ட்இஃப் சார்பை எழுதி, இரண்டாம் பட்டியலில் அந்த எண் எத்தனை முறை வருகிறது என்று கேளுங்கள். விடை 0 வரும் வரிகளை வடிகட்டினால் இல்லாதவர் பட்டியல் தயார். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும் என்பதால் நீண்ட அடையாள எண்கள் உள்ள புலத்தை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அத்தகைய நீண்ட எண்களை ஒப்பிடக் கவுண்ட்இஃப்பைவிட மேட்ச் சார்பு நம்பகமானது.

ஆய்வகப் பயிற்சிக்கு உண்மையான மாணவர்களின் பெயர், எண், முகவரி எதையும் பயன்படுத்த வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் தரவுக்குக் கூடுதல் பாதுகாப்பைக் கோருகிறது. நாமே அமைத்த மாதிரித் தரவு போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வருகை அட்டவணையில் லிங்க எண் 9 என்று ஒரு பதிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வினவலை எழுதுக.

2. லிங்கம் அட்டவணையின் எட்டு எண்களும் வருகையில் உள்ளன. நாட் இன் வினவல் என்ன தரும்? வருகையில் ஒரு நல் பதிவும் இருந்தால் என்ன தரும்? இரண்டு விடைகளையும் பார்த்து வேறுபடுத்த முடியுமா?

3. ஒவ்வொரு குழுவும் இன்னும் பார்க்க வேண்டிய லிங்கங்களைப் பட்டியலிடுக. (குறிப்பு: முதலில் மூன்று குழுக்களையும் எட்டு லிங்கங்களையும் கிராஸ் ஜாயின் மூலம் சேர்த்து 24 இணைகளை உருவாக்குக, அவற்றிலிருந்து முடிந்த 5 இணைகளை விலக்குக. 19 வரிகள் வர வேண்டும்.)

4. மூன்றாம் வினாவின் முறையைப் பயன்படுத்தி, ஐந்து பாடநூல்களில் எந்த மாணவருக்கு எந்த நூல் வழங்கப்படவில்லை என்று அறியும் வினவலை எழுதுக. நூல் எண் நிரப்பப்படாத பதிவு ஒன்று இருந்தால் உங்கள் வினவல் என்ன செய்யும்?

இரண்டாம் வினாவுக்கு விடை எழுதும் மாணவர் 'முடியாது' என்று எழுதி, எண்ணிக்கைச் சோதனையைத் துணைக்கு அழைத்தால் பாடம் சென்று சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நான்காம் வினாவைக் கடைசிப் பாடவேளை வரை விட்டுவைக்காதீர்கள். பருவத் தொடக்கத்தில் நூல்கள் வந்திறங்கும் வாரத்தில் அதை நடத்தினால், மாதிரித் தரவில் மாணவர் எழுதிய வினவலை எடுத்து உங்கள் வழங்கல் பதிவேட்டில் நீங்களே இயக்கிப் பார்க்கலாம்.